நல்ல கண்ணில் பிடுங்கிய நாற்று

முள்ளியவளையில் சுண்ணாம்பைப் பற்றி என்னைவிட அறிந்தவன் கிடையாது என்று ஒரு காலத்தில் நானே சொல்லித் திரிந்தேன். வேறு எவரும் சொல்ல முன்வராதபடியால் அந்தப் பொறுப்பையும் நானே எடுக்க வேண்டியிருந்தது. ஓர் ஆடி மாதக் காலையில் சுண்ணாம்பு என் இடது கண்ணுக்குள் புகுந்து பார்த்துவிட்டு, உள்ளே அப்படிப் பெரிய அறிவு ஒன்றும் இல்லை என்று ஊருக்குக் காட்டிக் கொடுத்தது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனவன்தான், உள்ளே போகவில்லை. மாமரம் வெளியே நின்றது. ஆகவே இதை நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, வாய் என்னுடையது. பிழை கண்டால் வாயை ஏசுங்கள். அதற்குப் பழக்கம்.

அது சண்டை நடந்து, வன்னிக்குள் சீமெந்து வரத் தடை இருந்த காலம். பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை, சவர்க்காரத்துக்குக்கூட ஒரு பார்வை. சுண்ணாம்புக்கு மட்டும் தடை இல்லை. அதை வைத்து என்ன ஆபத்துச் செய்யலாம் என்று ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. அதைக் கண்டுபிடிக்க என்னைப் போன்ற ஒருவன் வேண்டியிருந்தது. நந்திக்கடல் பக்கத்தில் மட்டிச் சிப்பி அள்ளி வந்து, சூளையில் விறகோடு அடுக்கிச் சுடுவேன். சுட்ட சிப்பியில் தண்ணீர் ஊற்றினால் அது சீறி, கொதித்து, வெடித்து, மாவாகப் பூக்கும். அதை நீற்றுவது என்போம். சீமெந்து இல்லாத ஊரில் கிணறு கட்டுகிறவனும், சுவர் பூசுகிறவனும், வெற்றிலை போடுகிறவனும் என்னிடம்தான் வர வேண்டும். எனக்குத் தலைக்கனம் வராமல் வேறு யாருக்கு வரும்?

கடற்கரைப் பக்கத்து மாதா கோயிலில் ஆவணித் திருநாள் வரும். அதற்கு முன் கோயிலுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் மாட்டுவண்டியோடு வந்து இறங்கினார். இறங்கும்போதே முறைப்பாடு.

"போன வருசம் நீர் தந்த சுண்ணாம்பு மாதாவின்ர சுவரில நிக்கேல்லை. சுவரில சாய்ஞ்ச சனத்தின்ர முதுகிலதான் நிண்டது."

"அது மாதா தந்த ஆசீர்வாதம் மூப்பர். சனம் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமெண்டு விட்டவா."

"உம்மட வாய்க்கு வெள்ளை அடிக்க வேணும். சரக்கைக் காட்டும்."

சரக்கைக் காட்டுவதற்கு என்னிடம் ஒரு வித்தை இருந்தது. பாதியாக வெட்டிய தார்ப் பீப்பாவுக்குள் சுட்ட சிப்பியைக் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றுவேன். எவ்வளவு வேகமாகச் சீறுகிறதோ அவ்வளவு நல்ல சுண்ணாம்பு. மற்றச் சுண்ணாம்புக்காரர் ஊற்றிவிட்டுத் தள்ளி நிற்பார்கள். நான் கலைஞன் அல்லவா? பீப்பாவுக்கு மேலே குனிந்து, காதை வைத்து, "கேளுங்கோ மூப்பர், திருநாள் பாட்டு இப்பவே படிக்குது" என்றேன்.

பாட்டு முடிந்தது. ஒரு கட்டி வெடித்தது.

நெருப்பைக் கண்ணில் வைத்தது போல என்று சொல்வார்கள். நெருப்பு வைத்தால் ஒரு தரம் சுட்டுவிட்டு அணையும். இது இருந்து, ஆறுதலாக, வேலை செய்தது. நான் நிலத்தில் உருண்டேன். என் மனைவி கிணற்றடியில்தான் நின்றாள். கையில் வாளி, வாளி நிறையத் தண்ணீர். நீற்றுவதற்கு நானே அள்ளிவைக்கச் சொன்ன தண்ணீர். அவள் அதோடு ஓடிவந்தாள். பகவான் இதைவிடத் தெளிவாக ஒரு உதவியை எவனுக்கும் அனுப்பியிருக்க மாட்டார்.

நான் என்ன செய்தேன்? "ஊத்தாதை! ஊத்தாதை! தண்ணி பட்டாச் சுண்ணாம்பு கொதிக்கும்!" என்று கத்தினேன்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நியாயமான பேச்சு. பிறந்த நாள் முதல் நான் கண்டது அதுதான். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். ஆகவே கண்ணில் சுண்ணாம்பு இருந்தால் கண்ணுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. சுண்ணாம்பைத் தொடாத வாத்தியார் ஒருவருக்குக் கண்ணில் விழுந்திருந்தால் அவர் பேசாமல் கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். தொழில் அறிந்தவனுக்குத்தான் இப்படியான அழிவு வரும்.

"ஓம் பிள்ளை, ஊத்தாதை, கண் அவிஞ்சு போம்" என்று மூப்பரும் சொன்னார். இரண்டு ஆம்பிளைகள் ஒத்துக்கொண்டபின் மனைவி என்ன செய்வாள்? வாளியைக் கீழே வைத்தாள். பிறகு நல்லெண்ணெய் வந்தது. அடுத்ததாக, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று இருந்த பெண்ணிடம் சிரட்டையில் தாய்ப்பால் வந்தது. எண்ணெயும் பாலும் ஊற்றி, வெற்றிலையை வாட்டி மேலே வைத்துக் கட்டினார்கள். கொஞ்சம் சீனி போட்டிருந்தால் பலகாரமாகவே சுட்டிருக்கலாம். மூப்பர் தன் சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டு, "சரக்கு நல்ல சரக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இமைக்குள் ஒட்டியிருந்த சுண்ணாம்பு, எண்ணெய்க்கு அடியில், வெற்றிலை நிழலில், ஒரு தொந்தரவும் இல்லாமல் தன் வேலையைப் பார்த்தது.

வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த இளம் டொக்டர் மேல் இமையைப் பிரட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளே இருந்து வெள்ளைப் பருக்கைகளை எடுத்தார். சேலைன் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் கழுவினார். வன்னியில் அப்போது சேலைன் என்றால் தங்கம். அதை என் கண் குடித்தது.

"உடனே தண்ணி ஊத்திக் கழுவேல்லையோ?" என்று கேட்டார்.

"கிட்டத் தண்ணி இருக்கேல்லை, ஐயா" என்றேன்.

பக்கத்தில் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையை, நல்ல வேளை, ஒரு கண்ணால் மட்டும்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆறினபோது இடது கண் அவித்த மீனின் கண் போல இருந்தது. கருவிழி வெள்ளை. அதன்மேல் சிவப்பாக ஒரு சதை வேர்விட்டு வளர்ந்தது. கீழ் இமை அதோடு ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் இருட்டு மட்டும் பிடிபடும். ஊரில் எனக்கு உடனே ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுத மகள் மறுக்கிறாள். ஒற்றைக் கண்ணால் சில நன்மைகளும் இருந்தன. இடது பக்கத்தால் வருகிற சொந்தக்காரரைக் காணாமல் போகலாம். ஆனால் தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினேன். சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இறங்கினேன். சூளையில் விறகை எட்டிப் போட்டால் அது வேறெங்கோ விழுந்தது. எது கிட்ட, எது தூர என்ற கணக்கு என்னை விட்டுப் போய்விட்டது.

கொழும்பில் கண்ணுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போ என்றார் டொக்டர். போ என்று சொல்வது சுலபம். இந்தப் பக்கத்தில் இயக்கத்திடம் ஒரு பாஸ், அந்தப் பக்கத்தில் ஆமியிடம் ஒரு பாஸ். இரண்டு பக்கமும் ஒரே கேள்வி: ஏன் போகிறாய்? இரண்டு பக்கமும் கண்ணைத் திறந்து காட்டினேன். நன்றாகக் குனிந்து பார்த்தார்கள். உள்ளே எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று தெரிந்தபின் விட்டார்கள். மாதங்கள் போயின. பார்வை இல்லாதவனுக்குத் துணை வேண்டும் என்று மனைவிக்கும் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியை மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தவுடனேயே கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு சிங்கள அம்மா. அவாவுக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது. இடையில் நின்று இரண்டு பாஷையையும் மாற்றிச் சொன்னது அங்கே வேலை செய்த ஒரு முஸ்லிம் மனிதர். நாங்கள் அவரை நானா என்றோம். என் வாயில் இருந்து முதல் சொல் விழுந்தவுடனேயே அவர் நிமிர்ந்தார்.

"நீங்க முல்லைத்தீவுப் பக்கமோ?"

"முள்ளியவளை, நானா."

"நானும் முல்லைத்தீவுதான்." என் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "நந்திக்கடல் இறால் இப்பவும் அதே ருசியோ?" என்று கேட்டார்.

"அதே ருசிதான்" என்றேன். அவர் ஏன் அங்கிருந்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டில் எங்கள் பக்கத்து முஸ்லிம்களை எல்லாம் யார் போகச் சொன்னார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எப்போதும் பேசிக்கொண்டிருக்கிற என் வாய் சரியாக அந்த இடத்தில் மூடிக்கொண்டது.

டொக்டர் அம்மா வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தா. பிறகு பேசினா. நானா அதை எனக்கு எங்கள் ஊர்ப் பாஷையில் மாற்றித் தந்தார்.

"தம்பி, கருமணியும் வெள்ளையும் சந்திக்கிற வரம்பு இருக்கெல்லோ, அதுதான் நாத்து மேடை. கண்ணுக்கு மேல இருக்கிற தெளிஞ்ச தோல் அங்கயிருந்துதான் முளைச்சு வாறது. உங்கட சுண்ணாம்பு அந்த மேடையை எரிச்சுப் போட்டுது. இப்ப செத்த ஆளின்ர கண்ணாடித் தோலை எடுத்துச் சும்மா மேல தைச்சா நிக்காது. திரும்பவும் சதை மூடிப்போடும். அதால முதல்ல நாத்து நட வேணும்."

"நடட்டும் நானா. நாத்து எங்க எடுக்கிறது?"

அவர் டொக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்கட மற்றக் கண்ணிலதான்."

எங்கள் வன்னியில் நாங்கள் வயலில் நெல்லை வீசி விதைக்கிற ஆட்கள். நாற்றுப் பிடுங்கி நடுவது குறைவு. அப்படி ஒரு வேலையை முதன்முதலாக என் கண்ணிலேயே தொடங்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரு கண். அந்த ஒரு கண்ணின் வரம்பில் கத்தி வைத்துக் கொஞ்சம் வெட்டப் போகிறார்கள். கை தப்பினால்? வெட்டின இடம் பழுதாய்ப் போனால்? ஒரு கண்ணோடு கொழும்புக்கு வந்தவன் கண்ணே இல்லாமல் முள்ளியவளைக்குப் போக வேண்டியதுதான். பிறகு என் மனைவி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே நடப்பாள். அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

"பயப்பிட வேண்டாமாம். நல்ல கண்ணுக்குப் பழுது வாறது மிச்சம் குறைவாம். முதல்ல அந்தக் கண் எப்பிடி எண்டு பார்க்க வேணுமாம்" என்றார் நானா.

பார்ப்பதற்கு ஒரு எழுத்துப் பலகை. சுவரில் தொங்கியது இங்கிலீசுப் பலகை. அதைக் கண்டு எனக்கு ஆறுதல். இங்கிலீசு தெரியாது என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் நானா நல்ல மனிதர். ஊர்க்காரன் கஷ்டப்படக் கூடாது என்று ஓடிப்போய், உள் அறையில் இருந்து தமிழ்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார்.

"இந்தா, தமிழிலயே இருக்கு. வாசியுங்கோ தம்பி."

நல்ல மனிதர்களால்தான் நான் எப்போதும் மாட்டுப்படுகிறேன்.

இடது கண்ணைப் பொத்தினேன். வலது கண்ணால் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. சுழி, கொம்பு, புள்ளி, பலகையின் மூலையில் இரண்டு ஈ எச்சம். எதற்கு என்ன பெயர் என்று மட்டும் மாமரம் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குப் பின்னால் ஒரு வரிசை ஆட்கள். சின்னப் பிள்ளைகள்கூட.

"மங்கலா இருக்கு நானா" என்றேன்.

"மேல் வரி?"

"அதுவும் மங்கல்."

"எல்லாத்துக்கும் மேல, இந்தப் பெரிய எழுத்து?" உள்ளங்கை அளவு எழுத்து.

"அது... கொஞ்சம் அசையுது."

டொக்டர் அம்மா எழும்பி வந்து என் வலது கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தா. மேலே பார், கீழே பார் என்றா. தலையை ஆட்டினா. பிறகு கவலையோடு சொன்னதை நானா இன்னும் கவலையோடு மாற்றினார்: "கண்ணில ஒரு பிழையும் காணேல்லையாம். ஆனா நீங்க மங்கல் எண்டு சொல்லுறதால உள் நரம்பில ஏதும் பழுது இருக்கலாமாம். இப்பிடிக் கண்ணில கை வைக்க மாட்டாவாம். இருக்கிறதைக் காப்பாத்திக்கொண்டு வீட்ட போகட்டாம்."

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முகம்தான் தொங்கியது. உள்ளே எனக்குத் திருநாள். படிக்காததால் ஒருவனுக்கு நன்மை கிடைத்தது என்று அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

சுவரோரத்து நீட்டு வாங்கில் இருந்த மனைவி எழும்பினாள். "என்னவாம்?"

"செய்யேலாதாம். நல்ல கண்ணும் மங்கலாம்."

"எந்தக் கண்?"

"வலது கண்."

"காலமை பஸ்ஸுக்குள்ள முன் சீற்றில இருந்த பொம்பிளையின்ர தோட்டில ஒரு கல் விழுந்திட்டுது எண்டு எனக்குக் காட்டினது எந்தக் கண்?"

நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

"வாசிக்கச் சொன்னவையோ?"

"...ஓம்."

"தமிழிலயோ?"

"அந்த நானா பாவம், தூக்கிக்கொண்டு வந்து—"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்தாள். குருடாய்ப் போனால் எப்படி இழுபடுவேன் என்று நான் பயந்தேனோ அப்படியே, கண் இருக்கும்போதே, வரிசையில் நின்ற எல்லோரையும் கடந்து இழுபட்டு உள்ளே போனேன்.

"நானா, டொக்டர் அம்மாட்டைச் சொல்லுங்கோ. இவருக்கு ஆனா ஆவன்னாவும் வராது. பள்ளிக்கூட மாமரத்தில ஏறி மாங்காய் ஆய்ஞ்ச ஆள். வெட்கத்தில பொய் சொல்லுறார். கண்ணில ஒரு பழுதும் இல்லை. பழுதெல்லாம் வாயிலதான்."

நானா தயங்கினார். எனக்காகக் கொஞ்சம் மெருகூட்டிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாமரத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த கிழவர் மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டி, ஏதோ சொன்னார். "அவரும் அப்பிடித்தானாம்" என்றார் நானா.

டொக்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வேறொரு பலகையைக் கொண்டுவரச் சொன்னா. அதில் எழுத்தே இல்லை. மூன்று பல் மட்டும் மிஞ்சின சீப்புப் போல ஒரு உரு, பெரிதும் சின்னதுமாக. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். உலகத்தில் எனக்கென்றே ஒருவன் இருந்து யோசித்துச் செய்த பலகை. மேல், கீழ், வலம், இடம் என்று காட்டிக் காட்டிக் கடைசி வரியையும் முடித்தேன். நின்றிருக்கலாம். என் வாய் விடுமா?

"அங்கால தமிழ்ப் பலகையின்ர மூலையில ரெண்டு ஈ எச்சமும் இருக்கு எண்டு சொல்லுங்கோ நானா."

அவா போய்ப் பார்த்தா. இருந்தது. அப்போதுதான் சிரித்தா. அருமையான கண்ணாம். தாராளமாக நாற்று எடுக்கலாமாம். சம்மதமா என்று யோசித்துச் சொல்லட்டாம்.

நாங்கள் வெளியே வந்து வாங்கில் இருந்தோம். இனி ஒளிக்க இடம் இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். பகிடி சேர்க்காமல் நான் சொன்ன வசனங்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை; அது ஒன்று.

அவள் சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள். "எனக்கும்தான். ஆனா ஒண்டு கேக்கிறன். இந்த ஒரு கண்ணோட ஊருக்குப் போனா சூளைக்குப் போக மாட்டியளோ?"

"வேற என்ன தொழில் தெரியும்?"

"அப்ப போவியள். போய் விறகை ஒரு பக்கம் எறிஞ்சு, தண்ணியை ஒரு பக்கம் ஊத்தி, பீப்பாக்கு மேல குனிஞ்சு பாட்டுக் கேப்பியள். இருக்கிறதும் போம். டொக்டரின்ர கையில போனா ஆண்டவன் விட்ட வழி எண்டு இருப்பன். உங்கட கையில போனா நான் ஆரை நோகிறது?"

நான் உள்ளே போய்க் கைநாட்டு வைத்தேன். மை பூசிய பெருவிரலைப் பார்த்து, படித்தவனுக்கு ஒரு கையெழுத்துத்தான், எனக்கு ஒரு விரலே சாட்சி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஏதாவது நினைக்காவிட்டால் விரலை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

சத்திரசிகிச்சையில் என்னை மயக்கவில்லை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு விறைக்கப் பண்ணினார்கள். வலி இல்லை. வெளிச்சம் இருந்தது, இழுவை இருந்தது, சின்னக் கத்தரிக்கோலின் சத்தம் இருந்தது. முதலில் இடது கண்ணில் ஒட்டியிருந்த இமையைப் பிரித்து, மூடியிருந்த சதையை உரித்தார்கள். பிறகு வலது கண். வரம்பில் மேலே ஒரு கீற்று, கீழே ஒரு கீற்று. அதைக் கொண்டுபோய் இடது கண்ணின் வரம்பில் வைத்துத் தைத்தார்கள். அந்த இரண்டாவது பகுதியில் நான் அம்மனுக்கும் மாதாவுக்கும் ஒரே நேரத்தில் நேர்த்தி வைத்தேன். மாதாவுக்கு வைத்தது: இனிமேல் முதுகில் ஒட்டாத சுண்ணாம்பு தருவேன்.

இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். கட்டு அவிழ்க்கும் வரை நான் முழுக் குருடன். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் பகிடி ஒன்றும் இல்லை. விடுதியில் சுற்றிவரச் சிங்களம். யார் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாது. சோற்றைத் தேடி என் கை கறிக்குள் போனது. சிரித்த அந்தக் கிழவர்தான் பக்கத்துக் கட்டிலாம். என் கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தார். நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்துக்கு மனைவி வந்து இருந்தாள். வழக்கம்போல ஏசவில்லை. அவள் ஏசாதது என்னை இன்னும் பயப்படுத்தியது.

"எடியே, ஏதும் கதை" என்றேன்.

"என்னத்தைக் கதைக்க?"

"ஏசு."

கட்டில் கிரீச்சிட அவள் கிட்ட நகர்ந்தது கேட்டது. பிறகு, "கிட்டத் தண்ணி இருக்கேல்லையாம்" என்று தொடங்கினாள். அந்த வாளியில் தொடங்கி, மூப்பர், வெற்றிலை, வாய்க்கால், சைக்கிள் என்று ஒரு சுற்று வந்தாள். எனக்கு நிம்மதியாக நித்திரை வந்தது.

வலது கண்ணின் கட்டை அவிழ்த்தபோது முதலில் கண்ணீர்தான் வந்தது. மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிவு. ஒரு வெள்ளைப் பூச்சு, அதற்குள் ஏதோ சுற்றியது. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். டொக்டர் அம்மா துடைத்தா. சுற்றினது மேலே இருந்த காற்றாடி. அதன் இறக்கையில் ஒட்டடை. அதற்குக் கீழே என் மனைவி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"எத்தினை விரலாம்?" என்றார் நானா.

"மூண்டு. ஒரு விரலில மோதிரம். அதில பச்சைக் கல்."

மனைவி வாயில் இருந்து கையை எடுத்தாள். "பாத்தியளோ நானா, கல்லுத்தான் முதல்ல கண்ணில படும்" என்றாள். சொல்லிக்கொண்டே சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் கவனிக்காதது போல இருந்தேன்.

நாற்றுப் பிடிக்க வேண்டும் அல்லவா? நெல் என்றால் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இது பிடித்ததா இல்லையா என்று மாதக் கணக்கில் வவுனியாவில் மனைவியின் தமக்கை வீட்டில் இருந்துகொண்டு, கொழும்புக்குப் போய்ப் போய்க் காட்டினோம். பிடித்தது. சதை திரும்பி வரவில்லை. ஆனால் கருமணி வெள்ளையாகவே இருந்தது. நிலம் திருந்தியது, கண்ணாடி பழையது. அதற்குத்தான் செத்தவர் ஒருவரின் கண் வேண்டும்.

"ஆரின்ர கண் நானா?" என்று கேட்டேன், அது வந்த அன்று.

"சொல்ல மாட்டினம் தம்பி. ஆரோ ஒரு சிங்கள ஆளாத்தான் இருக்கும். இஞ்ச சனம் செத்தாக் கண் குடுக்கும். புண்ணியமெண்டு குடுக்கிறது."

எங்கள் பக்கத்திலும் அந்த வருடங்களில் சாவுக்குக் குறைவில்லை. கண்ணை எடுத்து வைக்கத்தான் ஆளும் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை. முகம் தெரியாத ஒருவர், எந்த ஊரென்றும் கேட்காமல், தன் கண்ணை விட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் படித்தவராக இருந்திருந்தால் பாவம். எத்தனை புத்தகம் பார்த்த கண்ணாடியோ, கடைசியில் சிப்பிச் சூளைக்கு வந்து மாட்டியது. அதைச் சுற்றிச் சூரியன் கீறின மாதிரித் தையல் போட்டார்கள்.

கட்டு அவிழ்த்து, வீக்கம் வற்றி, சீப்புப் பலகையைத் திரும்ப மாட்டினபோது நல்ல கண்ணைப் பொத்தினேன். பெரிய சீப்பு கீழே பார்த்தது. அடுத்தது வலது பக்கம். அதற்கடுத்ததில் பற்கள் ஒன்றோடொன்று கலந்தன. "இனி ஏலாது" என்றேன். இந்த முறை பொய் இல்லை. அது போதும் என்றா டொக்டர் அம்மா. மருந்துத் துளி விட மறக்காதே, சுண்ணாம்புக்குக் கிட்டப் போகாதே என்றா. முதலாவதை நாங்கள் மறக்கவில்லை. துளி மருந்துப் போத்தலை மனைவி கிணற்றடி நிழலில், ஈர மணல் போட்ட மண் முட்டிக்குள் வைத்துக் காத்தாள். வன்னியில் எங்கள் குளிர்ப்பெட்டி அதுதான்.

திரும்பி வரும்போது தாண்டிக்குளச் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரப் பொடியன் அந்தப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு என் கண்ணில் இருந்த தையலைப் பார்த்தான். இதில் பாதி உங்கட ஆள்தான் என்று சொல்ல வாய் உன்னியது. மனைவி என் காலை மிதித்தாள்.

ஊரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "சிங்களக் கண்ணோ? இனிச் சிங்களம் வாசிப்பீரோ?" என்று கேட்டார்கள். "தமிழ் வாசிக்கிற அளவுக்கு வாசிப்பன்" என்றேன்.

ஊருக்குத் திரும்பியபின் வந்த ஆடியில் சூளை மூட்டினேன். வேறு என்ன செய்வது? மாதாவுக்கு நேர்த்தி வேறு இருக்கிறது. மூப்பர் அதே வண்டியோடு வந்தார். நான் பீப்பாவில் தண்ணீரை ஊற்றிவிட்டு, மரியாதையாக, நீட்டுத் தடியோடு தள்ளி நின்றேன். பாட்டும் இல்லை, காதும் இல்லை. சுண்ணாம்பு சீறியது. ஒரு பொட்டு வெடித்துப் பறந்து என் தாடையில் பட்டது. கண்ணுக்கு எவ்வளவோ கீழே. தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினேன்.

அதற்குள் ஒரு வாளித் தண்ணீர் முழுவதும் என் தலையில் இறங்கியது. மூச்சு எடுக்க முதல் இரண்டாவது வாளி. மனைவி எனக்குப் பின்னால் நிரப்பி வைத்துக்கொண்டு காத்து நின்றிருக்கிறாள். சூளை மூட்டிய நேரம் முதல் நின்றிருக்கிறாள். மூன்றாவதைத் தூக்கினபோதுதான், "தாடை! தாடையிலதான் பட்டது!" என்று கத்தினேன்.

தண்ணீர் வழிய நின்று இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தேன். வலது கண்ணில் அவள் வாளியோடு, சீலையைச் செருகிக்கொண்டு, தெளிவாக நின்றாள். அதைப் பொத்திவிட்டு இடது கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் பனிக்குள் நிற்பது போல, வாளியோடு, அதே ஆள்தான். கிட்டத்தான் நின்றாள். பொத்திய கையை எடுத்து இரண்டாலும் பார்த்தபோது, எவ்வளவு கிட்ட என்பதும் பிடிபட்டது.

மூப்பர் வண்டியில் இருந்து இறங்காமலே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்டைக்குத் தண்ணி ஊத்தாதை, கொதிக்கும் எண்டு கத்தின ஆள் நீர்தானே?"

"அது பழைய கண்ணுக்கு, மூப்பர்" என்றேன்.